எதிர்த்தடத்து வெளிச்சம்

ஒரே விபத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போன லாரியின் டிரைவர் செய்யது இப்ராகிம், எதிரே வந்த மொபெட்டில் விளக்கே எரியவில்லை என்றார். மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து வந்த பேச்சித்தாய், விளக்கு நன்றாக எரிந்தது, அந்த வெளிச்சத்தில்தான் ரோட்டோரத்துக் கல்லைக்கூடப் பார்த்து ஒதுங்கினோம் என்றாள். மொபெட்டை ஓட்டிய அவள் கணவன் சுடலைமணி, எது சரி என்று சொல்ல உயிரோடு இல்லை.

யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பொய் சொல்வதற்குக் காரணம் உள்ளவர் டிரைவர்தான் என்பதால் இப்ராகிமைக் கிளைச்சிறையில் வைத்திருந்தார்கள்.

ஜெசிந்தாவைச் சென்னையிலிருந்து விளக்குக் கம்பெனி அனுப்பியது மொபெட்டின் விளக்கைப் பார்த்துச் சொல்வதற்காக. அதைப் பார்க்க ஒரு டெக்னீஷியனே போதும். ஆனால் மதுரைக்கும் நெல்லைக்கும் நடுவில் அந்த நான்குவழிச் சாலை முழுவதும் ஓடிய வண்டிகளில் இருந்தது அவள் உருவாக்கிய கருவி. காப்புரிமையில் முதல் பெயர் அவளுடையது. ஊர் ஜனங்கள் அதற்குக் 'கூசாக் கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். விளம்பரத்துக்கு ஆட்களைக் கூலிக்கு அமர்த்திக் கண்டுபிடித்த பெயரைவிட இது நன்றாக இருக்கிறது என்று ஜெசிந்தாவே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

முதலில் விசாரணை அதிகாரி வைகுண்டத்தைப் போய்ப் பார்த்தாள். தடித்த கண்ணாடி போட்ட, எதையும் சட்டென்று கேட்டுவிடுகிற மனிதர்.

"என் கார்லயும் ஒட்டியிருக்கேன் மேடம். ராத்திரி வண்டி ஓட்டுறதே சொகமாயிட்டு. ஆனா அது என்ன மாயம்னு இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்ல. நான் விசாரணையில எழுதணும். புரியிற மாதிரி சொல்லுங்க."

"ஹெட்லைட் விடாம எரியிற மாதிரித்தான் நமக்குத் தெரியும் சார். உண்மையில அது ஒரு நொடிக்குள்ள ஆயிரக்கணக்கான தடவை எரிஞ்சு எரிஞ்சு அணையுது. தெற்கே போற வண்டிங்க லைட்டெல்லாம் ஒண்ணா எரியும். அதுங்க அணைஞ்சிருக்கிற நேரத்துல வடக்கே போற வண்டிங்க லைட் எரியும். ஒண்ணு மாத்தி ஒண்ணு."

"சரி."

"முன் கண்ணாடியில ஒட்டின படலமும் அதே வேகத்துல திறந்து மூடும். நீங்க வடக்கே போறீங்கன்னு வைங்க. உங்க லைட் எரியும்போது கண்ணாடி திறந்திருக்கும். எதிர்ல வர்றவர் லைட் எரியும்போது மூடிக்கும். அதனால அவர் வெளிச்சம் உங்க கண்ணுக்கு வரவே வராது. எதிர்த்தடம் மொத்தமும் இருட்டா இருக்கும், உங்க ரோடு மட்டும் பளிச்சுன்னு தெரியும்."

"நான் எந்தப் பக்கம் போறேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ளே ஒரு திசைகாட்டி இருக்கு."

"மொபெட்டுக்குமா?"

"எல்லா வண்டிக்கும். ஒரு வண்டி பழைய லைட்டோட வந்தாலும் கூசும்ல. அதனால இந்த ரோட்டுல ஓடுற சின்ன வண்டிங்களுக்கு அரசாங்கமே லைட்டை மாத்திக் கொடுத்துச்சு."

வைகுண்டம் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அந்தச் சாலையில் இருட்டிய பிறகு நடக்கும் விபத்துகள் இரண்டு வருஷத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டன என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் மாநிலம் முழுவதும் அதைக் கொண்டுவருவதாக இருந்தது.

வெளியே வந்ததும் ஆதிகேசவன் போனில் பிடித்தார். கம்பெனியை ஒரு வாடகை அறையில் தொடங்கி வளர்த்தவர். "ராங் சைடுல வந்த கேஸ் ஜெசிந்தா. ரொம்ப யோசிக்காத. லைட் எரிஞ்சுதா, இல்லையா, அவ்ளோதான். ஒரு பக்கத்துல எழுதிக் கொடுத்துட்டு ராத்திரி ட்ரெயின் ஏறிடு."

"சரி சார்" என்றாள். அப்போது அவளுக்கும் அது ஒரு பக்க வேலையாகத்தான் தெரிந்தது.

அரசு மருத்துவமனையில் பேச்சித்தாய் இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாமல் படுத்திருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஜெசிந்தாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவளாகவே ஆரம்பித்தாள்.

"நீங்க லைட்டு கம்பெனியா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்களே சொல்லுங்க. எரியாத லைட்டையா எங்களுக்குக் குடுத்தீங்க?"

"நீங்க சொல்லுங்க. அன்னைக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. எத்தனை தடவை சொல்ல? லைட்டு இல்லாம அவுக வண்டிய எடுக்கவே மாட்டாக."

"ஏம்மா அந்தப் பக்கம் வந்தீங்க? அது வடக்கே போறவங்க தடம்தானே?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"எங்க ஊருக்குத் திரும்ப வழி எங்க இருக்கு? முறையா வரணும்னா பாலம் வரைக்கும் போயி, அடியில நுழைஞ்சு, திரும்ப அம்புட்டு தூரமும் வரணும். எங்க ஊர் முச்சூடும் அந்த ஓரமாத்தான் வரும். போலீசு வண்டிகூட வந்து பாத்திருக்கேன்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "லாரி வர்றது தூரத்துலயே தெரிஞ்சுது. பயமா இருக்குன்னேன். நம்ம லைட்டு அவனுக்குத் தெரியும், விலகிப் போயிருவான்னு சொன்னாக. சொல்லி வாய மூடல."

ஸ்டேஷன் வாசலில் மொபெட் நசுங்கிக் கிடந்தது. முன் சக்கரம்தான் மடங்கியிருந்தது. விளக்கும் என்ஜினும் தப்பியிருந்தன. ஜெசிந்தா கிக்கரை இரண்டு முறை உதைத்ததும் என்ஜின் இருமிக்கொண்டு ஓடியது, விளக்கு எரிந்தது. அந்த விளக்குக்குத் தனியாக ஸ்விட்ச் கிடையாது. என்ஜின் ஓடினால் எரியும். மறந்து அணைத்துவிட்டு வந்தான் என்று சொல்ல வழியே இல்லை.

ஆக, பேச்சித்தாய் சொன்னது உண்மை. டிரைவர் பொய் சொல்கிறார். ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். ரயிலுக்கும் நேரம் இருந்தது. ஆனாலும் இவ்வளவு பச்சையாகப் பொய் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் போல ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. வைகுண்டத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளைச்சிறைக்குப் போனாள்.

இப்ராகிம் ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"உயிருக்கு ஆபத்து இல்ல."

"அல்ஹம்துலில்லா" என்று முணுமுணுத்தார்.

"பாய், நான் இப்பத்தான் அந்த மொபெட்டைப் பார்த்துட்டு வரேன். லைட் எரியுது. அன்னைக்கும் எரிஞ்சிருக்கு."

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். "நீங்க பாத்திருக்கீங்க. நான் பாக்கலியே."

"கண் அசந்துட்டீங்களா?"

"இல்லம்மா. பகல்ல தூங்கிட்டுத்தான் வண்டிய எடுத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. பின்னால ஒரு பஸ்காரன் ஹாரன் அடிச்சான். போய்த் தொலையட்டும்னு இடது ஓரமா ஒதுங்கினேன். ஓரத்துல ஒரு பொட்டு வெளிச்சம் தெரிஞ்சிருந்தாலும் நான் ஏன் ஒதுங்குதேன்? ரோடு வெறிச்சுன்னு கெடந்துச்சு. திடீர்னு என் லைட்டுக்குள்ள ஒரு மஞ்சச் சேலை. அம்புட்டுதான். பிரேக்கு மேல ஏறி நின்னுட்டேன்."

"லைட்டை விடுங்க. அதோட வெளிச்சம் தரையில விழுமே. அதுகூடத் தெரியலையா?"

"ஒண்ணுமே தெரியல. மூடி வச்சாப்புல இருந்துச்சு."

ஜெசிந்தா மனதுக்குள் இரண்டு வண்டிகளையும் அந்தச் சாலையில் ஓட்டிப் பார்த்தாள்.

மூடித்தான் இருந்தது. மொபெட் போனது தெற்கு நோக்கி. அதன் திசைகாட்டி தெற்கு என்று சொன்னது, அதனால் அதன் விளக்கு தெற்கே போகும் வண்டிகளோடு சேர்ந்து எரிந்தது. லாரி போனது வடக்கே. தெற்கே போகும் விளக்கு எதுவாக இருந்தாலும், அது எந்தத் தடத்தில் வந்தாலும், லாரியின் கண்ணாடி அதற்கு மூடிக்கொள்ளும். சாலை நடுவில் இருக்கும் அரளிச்செடிக்கு அந்தப்புறம் வருகிறதா, அல்லது நேராகத் தன்மேல் மோத வருகிறதா என்று அதற்குத் தெரியாது. கருவி பழுதாகவில்லை. அவள் எப்படிச் செய்தாளோ அப்படியே வேலை செய்திருந்தது. அவர்கள் சோதனை செய்து பார்த்த ஓடுதளத்தில் யாரும் தவறான பக்கம் வந்ததில்லை. வரச்சொல்லிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளையும் சேர்த்து.

"நீங்க பொய் சொல்லல பாய்" என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்லுதேன்."

"அந்த அம்மாவும் சொல்லல."

இப்ராகிம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கும் வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ரயிலை விட்டுவிட்டு, லாட்ஜ் அறையிலிருந்து ஆதிகேசவனைக் கூப்பிட்டாள். அவர் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். அவரும் பொறியாளர்தான், இரண்டாவது வாக்கியத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது.

"யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

"டிரைவர்கிட்ட."

"சரி. அதோட நிறுத்து. நான் சொல்றதைக் கோபப்படாம கேளு. உன் கண்ணாடியால இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை பேர் பத்திரமா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு உனக்கே தெரியும். இதை வெளியில சொன்னா அரசாங்கம் பயந்துபோய் மொத்தத்தையும் நிறுத்திடும். பழையபடி கண்ணு கூசி எத்தனை பேர் சாவாங்க?"

"நிறுத்தச் சொல்லல சார். திருத்தலாம். எதிர் லைட் எரியிற நேரத்துல கண்ணாடி முழுசா மூடவேண்டாம். நூத்துல ஒரு பங்கு உள்ளே விடட்டும். கூசாது. ஆனா வண்டி ஒண்ணு வருதுன்னு தெரியும்."

"முழு இருட்டுன்னுதானே ஒப்பந்தத்துல எழுதிக் கொடுத்தோம்?"

"அதுதான் தப்பு."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நல்ல யோசனைதான். இன்னைக்கே பசங்களை உட்கார வைக்கிறேன். சத்தம் காட்டாம அப்டேட்டோட அப்டேட்டா எல்லா வண்டிக்கும் அனுப்பிடலாம். ஒரு வாரத்துல ரோடு சரியாயிடும். ரிப்போர்ட்ல மட்டும் இதை எழுதாத."

"அப்ப இப்ராகிம்?"

"நல்ல வக்கீலா வைப்போம். நான் பார்த்துக்கிறேன்."

ஜெசிந்தா உடனே மறுத்துவிடவில்லை. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. சாலை சரியாகிவிடும், யாரும் சாகமாட்டார்கள், கம்பெனியும் பிழைக்கும். ஒரே ஒரு மனிதர் மட்டும் கொன்றுவிட்டுப் பொய் சொன்னவர் என்ற பெயரோடு மிச்ச நாளைக் கழிப்பார். ஒரு பெண் கடைசிவரை அவரைச் சபித்துக்கொண்டிருப்பாள். இருவருமே உண்மையைச் சொன்னவர்கள்.

"வக்கீல் வேண்டாம் சார்" என்றாள். "நாளைக்கு சாயங்காலம் விசாரணை அதிகாரியை லாரியில ஏத்தி உட்கார வைக்கப் போறேன். நீங்களும் வாங்க. வரலைன்னாலும் நான் செய்வேன். வந்தா கம்பெனியே முன்வந்து சொன்னதா இருக்கும்."

ஆதிகேசவன் போனை வைத்துவிட்டார். ஆனால் மறுநாள் மதியம் தூத்துக்குடி விமானத்தில் வந்து இறங்கினார்.

தார் போடுவதற்காகச் சாலையில் ஒரு பகுதியை அடைத்து வைத்திருந்தார்கள். இருட்டத் தொடங்கியதும் அங்கே ஒரு லாரியைக் கொண்டுவந்து வடக்கு பார்த்து நிறுத்தினார்கள். உள்ளே டிரைவர் இருக்கையில் வைகுண்டம், பக்கத்தில் ஜெசிந்தா, ஜன்னலோரமாக ஆதிகேசவன். லாரியின் விளக்குகள் எரிந்தன. முன்னே தார்ச்சாலை தெளிவாகத் தெரிந்தது, அதற்கு அப்பால் இருட்டு.

"என்ன பாக்கணும்?" என்றார் வைகுண்டம்.

"எதிர்ல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க சார்."

"ரோடு தெரியுது."

"இடது ஓரத்துல?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஒண்ணும் இல்லையே."

"இப்ப கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டிப் பாருங்க."

வைகுண்டம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சட்டென்று கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார். லாரியின் வெளிச்சம் எட்டாத தூரத்தில், சாலையோரத்தில் ஒரு மொபெட் என்ஜின் ஓடிக்கொண்டே இவர்களைப் பார்த்து நின்றது. அதன் விளக்கு அப்படி எரிந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தார். இருட்டு. மறுபடி வெளியே எட்டினார். வெளிச்சம். மூன்றாவது முறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினார்.

"ஸ்டேஷன்ல நாம எல்லாரும் வெளியில நின்னுல்லா அந்த லைட்டைப் பாத்தோம்" என்றார்.

"ஆமா சார். நானும் அப்படித்தான் பார்த்தேன்."

"இந்த சீட்டுல உக்காந்து யாரும் பாக்கல." அவர் ஆதிகேசவன் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒருதரம் பாத்துருங்க சார்."

ஆதிகேசவன் தன் பக்கத்துக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தும் வெகுநேரம் தலையை உள்ளே இழுக்கவில்லை. கீழே இறங்கிக் காரை நோக்கி நடக்கும்போது ஜெசிந்தாவிடம், "நூத்துல ஒண்ணு போதுமா?" என்று கேட்டார்.

"போதும் சார். கணக்குப் போட்டுட்டேன்."

"கம்பெனி பேர்லயே ரிப்போர்ட் போகட்டும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலாம்."

அறிக்கை போவதற்கு முன்னால் ஜெசிந்தா மருத்துவமனைக்குப் போனாள். பேச்சித்தாய் இதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"உங்க லைட் எரிஞ்சுதும்மா. டிரைவருக்கு அது தெரியவும் இல்ல. ரெண்டும் நிஜம். நடுவுல மறைச்சது நான் செஞ்ச கண்ணாடி."

பேச்சித்தாய் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்த டிரைவரு பொய் சொல்லல."

"இல்ல."

"எங்க கொழுந்தன்மாரு ரெண்டு பேரும் அவரு வெளிய வரட்டும், வெட்டிருதோம்னு திரியுதாக. கூப்பிட்டுச் சொல்லணும்." கையை நீட்டி மேசைமேல் இருந்த போனை எடுத்தாள், உடனே பேசாமல் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். "நீங்க வந்து சொன்னது நல்லது. ஆனா எனக்குக் கோவம் போகலக்கா. உங்க மேலதான் இப்ப வருது."

"வரட்டும்மா" என்றாள் ஜெசிந்தா. "வரவேண்டியதுதான்."

பேச்சித்தாய் கொழுந்தனிடம் பேசி முடிக்கும்வரை ஜெசிந்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

இப்ராகிம்மேல் இருந்த வழக்கைக் கைவிட்டார்கள். பேச்சித்தாய்க்குச் சேரவேண்டியதைக் கம்பெனி கொடுத்தது. அவள் ஊர்ப் பக்கம் சுரங்கப்பாதை ஒன்று வேண்டும் என்று வைகுண்டம் எழுதியதற்கு ஒப்புதல் கிடைத்து, மண் தோண்டத் தொடங்கினார்கள். ஆதிகேசவன் பயந்ததுபோல அரசாங்கம் திட்டத்தை நிறுத்திவைத்தது. ஆனால் மூடிவிடவில்லை. நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் விடும் கண்ணாடியைப் பல மாதம் சோதித்துப் பார்த்துவிட்டு, முதலில் அதே சாலையில் அனுமதித்தது. இருட்டாகக் கிடந்த எதிர்த்தடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றின. யாருக்கும் கண் கூசவில்லை. தவறான பக்கம் வரும் வண்டியின் புள்ளி தன் தடத்திலேயே நேராக வருவதால், நல்ல தூரத்திலேயே டிரைவர்கள் பிரேக்கில் கால் வைத்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தபோது சென்னை அலுவலகத்தில் ஒரு புதுப் பழுது தென்பட்டது. வண்டிகளில் இருந்து வரும் தகவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் கவனித்தார்கள். ஹெட்லைட்டைத் தணிக்கும் டிம் ஸ்விட்ச், கூசாக் கண்ணாடி வந்த நாளிலிருந்து அந்தச் சாலையில் தேவைப்பட்டதே இல்லை. சட்டத்துக்காக அதை விட்டுவைத்திருந்தார்கள். இப்போது ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் ஆயிரக்கணக்கான வண்டிகளில் அது இயங்கியது. எதிரெதிரே இரண்டு வண்டிகள் நெருங்கும்போது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விளக்கு தணிந்து, தாண்டியதும் பழையபடி ஏறியது.

"உன்னோட நூத்துல ஒண்ணு சர்க்யூட்டுக்குள்ள போய் ஏதோ பண்ணுதுன்னு பசங்க சொல்றாங்க" என்றார் ஆதிகேசவன். "நீயே நேர்ல போய் ஒரு பார்வை பார்த்துட்டு வா."

ஜெசிந்தா போய் வயரிங்கைப் பார்த்தாள். ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. இப்ராகிமின் நம்பர் அவளிடம் இருந்தது. கயத்தாற்றில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார்.

வாழைத்தார் வாசனை அடித்த அந்த லாரியில் ஏறி உட்கார்ந்து, ஸ்விட்ச் இயங்குவதைக் காட்டும் சோதனைக் கருவியை மடிமேல் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். இருட்டியது. எதிர்த்தடத்தில் ஒரு புள்ளி தோன்றி வளர்ந்தது. மடியில் இருந்த கருவி டிம் என்று காட்டியது. அவள் நிமிர்ந்து வயரைப் பார்க்கவில்லை, இப்ராகிமின் கையைப் பார்த்தாள். அவர் விரல் ஸ்விட்சின்மேல் இருந்தது.

"பாய், நீங்களா டிம் அடிச்சீங்க?"

"ஆமா. எதுக்க வண்டி வருதுல்லா."

"அவருக்குக் கூசாதே. உங்களுக்கும் கூசாது."

"கூசாதுன்னு தெரியும்மா."

"அப்புறம் எதுக்கு?"

இப்ராகிம் இதற்கெல்லாம் காரணம் கேட்பார்களா என்பதுபோல் லேசாகச் சிரித்தார். "ரெண்டு வருசமா இந்த ரோட்டுல நான் ஒருத்தன் மட்டும் போறாப்புலயே ஓட்டினேன். எதுக்க ஒரு மனுசன் வாறது இப்பல்லா கண்ணுல தெரியுது. பாத்துட்டுப் பாக்காத மாதிரிப் போகச் சொல்லுதீகளா?"

ஜெசிந்தா கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தாள். கோவில்பட்டியைத் தாண்டும்போது ஆதிகேசவன் கூப்பிட்டார்.

"பழுது தெரிஞ்சுதா?"

"பழுது இல்ல சார். டிரைவருங்கதான் அடிக்கிறாங்க."

"எல்லாருமா? எதுக்கு? தேவையே இல்லையே."

"தேவையில்லதான்."

"அப்ப பேசாம அந்த ஸ்விட்சை எடுத்துடலாமா? அதுக்கு ஒரு கேபிள், ஒரு ரிலே, எல்லாம் தண்டம்."

"வேண்டாம் சார். இருக்கட்டும்" என்றாள்.

வளைவு தாண்டி எதிரே இன்னொரு புள்ளி வந்தது. இப்ராகிமின் விரல் அசைவதற்குள் அது முந்திக்கொண்டு தணிந்தது.